ஒரு சைஸ் பெரிய ரெஞ்ச்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவோம். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் யூனிஃபார்ம் தைக்கும்போது உள்ளே நாலு விரல் துணியை மடித்து வைத்துத் தைப்பேன், வருடா வருடம் கொஞ்சம் பிரித்துவிடலாம் என்று. மூன்று பேர் சாப்பிடும் வீட்டில் ஐந்து லிட்டர் குக்கர். திடீரென்று நாலு பேர் வந்தால் என்ன செய்வது என்பது என் கட்சி. அந்த நாலு பேர் வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். பெங்களூரில் குடியேறிய எங்கள் கோலார் தங்கவயல்காரர்கள் பலரும் இப்படித்தான். சின்னதாக வாங்கினால் கடைக்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று தோன்றும். அப்படி வாங்கிய பொருள் ஒன்று இப்போது எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பெருக்கும்போது துடைப்பம் அதில் இடித்தால்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. கார் சக்கரத்தின் நட்டுகளை அளவாக முறுக்குவதற்கான டார்க் ரெஞ்ச் அது.

என் வீட்டுக்காரர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்புத் தகட்டை அச்சுக்கு அடியில் வைத்தால், மேலிருந்து இயந்திரம் இறங்கி ஒரே அடியில் அதை வளைத்துவிடும். ஷிஃப்ட் முழுக்க அந்த அடி விழுந்துகொண்டே இருக்கும். நான் தாசரஹள்ளியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். டோக்கன் எண்ணைக் கூவிக் கூப்பிடுவது என் வேலை. தெருமுனை டீக்கடையில் நிற்கிறவர்கூட என் குரல் கேட்டு டம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவார். வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அதே குரல்தான். எங்களுக்கு இருப்பது ஒரே மகள்.

ஓய்வு பெற்ற புதிதில் அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. காலையில் வழக்கம்போலக் குளித்து, தலை வாரி, சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். எங்கே போவது என்று தெரியாது. மகள் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் மனிதருக்கு உயிர் வந்தது. அவள் புகுந்த வீடு ஆனேக்கலில். அங்கே பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவை விட மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், ஒவ்வொரு செக்கப்புக்கும் ஊரைச் சுற்றிக்கொண்டு ஆனேக்கல் போக வேண்டும். அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். முதல் நாளே காரைக் கழுவுவார். சீட்டில் தலையணை வைத்து, தானே உட்கார்ந்து பார்த்து, எடுத்து, மறுபடி வைப்பார். டாக்டரம்மாவிடம் போகிற நாளில் ஷேவ் செய்துகொண்டு கிளம்பி நிற்பதைப் பார்த்தால், டியூட்டிக்குப் போகிற அதே ஆள்தான்.

ஒரு செக்கப் நாளில், ஊரைச் சுற்றிப் போகும் டோல் சாலையான நைஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். மகள் முன் சீட்டில், நான் பின்னால். இடது பக்கச் சக்கரத்திலிருந்து டக் டக் என்று ஏதோ சத்தம் வந்தது.

"இன்னாங்க, சத்தம் வருது பாருங்க" என்றேன்.

அவர் பாட்டுக்கு ஓட்டினார். மறுபடியும் சொன்னேன். கண்டுகொள்ளவில்லை. மகள் அவர் தோளைத் தொட்டு, கையால் ஓரத்தைக் காட்டினாள். உடனே நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால், சக்கர நட்டுகளில் இரண்டு, விரலாலேயே திருகும் அளவுக்குத் தளர்ந்து இருந்தன. போன வாரம் பஞ்சர் கடையில் கழற்றி மாட்டியது. அதே வேகத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அவர் வண்டியில் இருந்த ஸ்பேனரால் முறுக்கி, மிதித்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்.

மருமகனுக்கு விஷயம் தெரிந்ததும் போன் செய்தார். நல்ல பையன், குரலை உயர்த்தவே மாட்டார்.

"அத்தை, மாமாவுக்கு எதுக்கு இவ்ளோ சிரமம்? இனிமே கேப் புக் பண்ணிக்கலாமே. நானே போட்டு விடறேன்."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதை நான் அவரிடம் சொன்னபோது, தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. எழுந்து போய்க் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தச் சாவியும் போய்விட்டால் இந்த மனிதர் மறுபடி நாற்காலிக்குத் திரும்பிவிடுவார் என்று எனக்குப் புரிந்தது. அப்படி நடக்கக்கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை. நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன். என் நல்ல எண்ணம் எப்போதும் கொஞ்சம் சத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

மதிய இடைவேளையில் போனில் தேடித் தேடிப் படித்தேன். நட்டைக் குறைவாக முறுக்கினால் கழன்றுவிடும். அதிகமாக முறுக்கினால், நட்டு உட்காரும் மரையுள்ள கம்பி, ஸ்டட் என்கிறார்கள், இழுபட்டு இழுபட்டு ஒருநாள் முறிந்துவிடும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று காரோடு வந்த புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை டார்க் ரெஞ்சின் பிடியில் திருகி வைத்துவிட்டு முறுக்கினால், அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் கேட்கும். உடனே கையை நிறுத்திவிட வேண்டும். இதைவிட எளிதாக என்ன இருக்கிறது? மாமனார் கையில் இப்படி ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தால் மருமகன் கேப் பேச்சை எடுக்க மாட்டார். கருவி இருக்கிற ஆளை நம்பத்தானே செய்வார்கள்.

அவரைக் கூட்டிக்கொண்டு எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போனேன். அங்கே வரிசையாக டூல்ஸ் கடைகள். நாங்கள் நுழைந்த கடையில் எங்கள் வயதுள்ள ஒருவர் கல்லாவில் இருந்தார். எதிர்பார்த்தபடியே என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து, "யாவ காடி சார்?" என்று கேட்டார். என்ன வண்டி என்று நான் பதில் சொன்னேன். கடைக்காரர் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஒன்றை எடுத்து வைத்து, "காருக்கு இது ஸாகு மேடம், இதே போதும்" என்றார்.

எனக்குத் திருப்தி இல்லை. பார்த்தால் ஏதோ சமையலறைச் சாமான் மாதிரி இருந்தது.

"இத்த விடப் பெருசு இல்லியா?"

"இருக்கு. அது லாரிக்காரங்க எடுக்கறது."

"காமிங்க."

உள்ளேயிருந்து ஒரு நீளப் பெட்டி வந்தது. திறந்தால், குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி பளபளவென்று கிடந்தது. நிறுத்தி வைத்தால் என் இடுப்புக்கு வரும். அதன் அளவுக் கோடுகள் நூறில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடிந்தன. எங்கள் காருக்கு வேண்டிய எண் அந்த ஆரம்பத்தை ஒட்டியே இருந்தது. மீதி எல்லாம் எங்களுக்கு உபரி. உபரி என்றாலே எனக்கு ஆசைதான். நாளைக்குப் பெரிய வண்டி வாங்கினால் ஆகாதா? அதோடு, பிடி நீளமாக இருந்தால் கொஞ்சம் இழுத்தாலே போதும் என்று படித்திருந்தேன். அவருக்கும் வயதாகிறது. கை வலிக்காமல் இருக்குமே என்றும் நினைத்தேன். இதை என் தரப்பில் ஒரு நல்ல வார்த்தையாக இங்கே சேர்த்துக்கொள்கிறேன், வேறு எதுவும் என் தரப்பில் இல்லாததால்.

நான் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடி அலமாரியில் இருந்து வேறொன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மாடல். அதில் கிளிக் கிடையாது. ஒரு நீளமான முள் இருக்கும். முறுக்க முறுக்க அந்த முள் அளவுப் பட்டையின் மேல் நகரும். எண் வந்ததும் நாமே பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"இது நல்லாகீது" என்று என்னிடம் நீட்டினார். "முள்ளு தெரியுது பாரு."

"ஐயே, இது இன்னாங்க, பழைய பேப்பர்காரன் தராசு மாதிரி!" என்றேன். கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் அந்தக் காலத்து ஆளுங்க. புதுசு எதுவும் புடிக்காது" என்று வேறு சொன்னேன்.

கடைக்காரரும் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டு அதைத் திரும்ப வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அது அவர் கையில். பிறகு அதையும் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

கடைக்காரர் அவரைக் கூப்பிட்டு, பெரிய ரெஞ்சை, மேசை வைஸில் இறுக்கியிருந்த ஒரு நட்டில் மாட்டி இழுத்துக் காட்டினார். மெல்லிதாக ஒரு கிளிக்.

"கேளிஸ்தா சார், கேட்டுச்சா?"

அவர் தலையாட்டினார்.

"கம்மி அளவுல வெச்சா சத்தம் சின்னதாத்தான் வரும். காது குடுத்து கேக்கணும்."

"கேக்கும் கேக்கும்" என்றேன் நான். அவருக்காக நான் பதில் சொன்னது எனக்கு அப்போது உறுத்தவே இல்லை. இத்தனை வருடமாக அவருக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு நான்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பமானது. ஒவ்வொரு செக்கப்புக்கும் முந்தின நாள் காரைக் கழுவிவிட்டு, ரெஞ்சில் எண்ணைத் திருகி வைத்து, நாலு சக்கரத்தையும் சுற்றி வருவார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருவர், "என்ன சார், லாரி வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். நான் காம்பவுண்டு கேட்டில் சாய்ந்துகொண்டு பெருமையோடு அந்தக் கருவியின் மகிமையை விளக்குவேன். ஒருமுறை கிளிக் சத்தம் என் காதில் விழுந்த பிறகும் அவர் இழுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். நட்டு கிரீச்சிட்டது. மகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, இன்னும் ஒரு இழுப்பு இழுத்து வைப்போம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆண்களுக்கு எதையும் சொன்ன அளவோடு நிறுத்தத் தெரியாது என்று மகளிடம் கேலியும் செய்தேன்.

மகள் சிரிக்கவில்லை. "நீ கொஞ்சம் பக்கத்துல போய் நின்னு பாரேம்மா" என்றாள். நான் போகவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

அடுத்த செக்கப்புக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மருமகன் சாப்பிட வந்திருந்தார். ரெஞ்சைப் பற்றி நான் போனிலேயே அளந்து விட்டிருந்ததால், அதைப் பார்க்க வாசலுக்கு வந்து நின்றார். மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி முன் சக்கரத்தின் அருகே குந்தியிருந்தார். மருமகன் பார்க்கிறார் என்பதால் அன்றைக்கு ரொம்ப நிதானமாகச் செய்தார். ஒவ்வொரு நட்டாகத் துணியால் துடைத்துவிட்டு ரெஞ்சை மாட்டினார்.

கிளிக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை.

"போதுங்க" என்றேன். இழுத்தார். "போதும், சத்தம் வந்துடுச்சு!" என்று கத்தினேன். முதுகு இன்னும் வளைந்தது. அந்த நீளப் பிடிக்கு அவருடைய பிரஸ் ஷாப் கை ரொம்ப அதிகம். பட்டென்று ஸ்டட் முறிந்தது. ரெஞ்ச் தெறித்துத் தரையில் விழுந்தது. அவர் மல்லாக்கச் சாய்ந்து, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தார்.

அடிபடவில்லை என்று தெரிந்த அடுத்த நொடி எனக்குக் கோபம்தான் வந்தது. நாளைக்குச் செக்கப். மருமகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பெருமை அடித்துக்கொண்ட கருவி தெருவில் கிடக்கிறது. அவர் எதிரே போய் நின்று, டோக்கன் கூப்பிடுகிற குரலுக்கும் மேலே கத்தினேன்.

"போதும் போதும்னு தொண்ட கிழிய கத்தறேன். காது செவிடா உங்களுக்கு?"

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். டிவி ஓடும்போது, போன் அடிக்கும்போது, குக்கர் விசில் வரும்போது நானே அவரிடம் எத்தனையோ தடவை கேட்டதுதான். அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

அவர் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமா" என்றார். "கேக்கல. ரொம்ப நாளா கேக்கல."

அதைச் சொல்லிவிட்டுக் கீழே கிடந்த ரெஞ்சை எடுத்து, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார். உள்ளே போய்ச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து வந்து மருமகனிடம் நீட்டினார். கொஞ்சமும் கோபம் இல்லாமல், ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிற மாதிரி நீட்டினார். மருமகன் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் விழித்தார். என் வீட்டுக்காரரிடம் போய், "நீங்கதான் ஓட்டணும்" என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக என்று நினைக்கிறேன்.

மகள்தான் படியிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து வந்தாள். மருமகனைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு ஸ்கூல் படிக்கும்போதே தெரியும். அப்பாவுக்கு கனமான சத்தம் கேக்கும். சன்ன சத்தம், கீச்சுக் குரல் கேக்காது. அவரு சைடு கண்ணாடிய பாத்து பாத்துதான் ஓட்டுவாரு. ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ் வந்தா நான் கைய தொடுவேன். நீங்க ஹாரன கேட்டுத்தான் ஓட்டறீங்க, எத்தன பம்பர் மாத்தினீங்க?"

மருமகன் சிரித்துவிட்டார். மகள் சாவியை வாங்கி அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள். அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்ததும், பின்னால் காலை நீட்டிக்கொள்ளலாமே என்று ஒவ்வொரு முறையும் நான் அவளைத் திட்டியதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நைஸ் ரோட்டில் அவள் ஏன் பேசாமல் தோளைத் தொட்டாள் என்பதும்.

சமையலறையில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல? நான் இன்னா வேத்து ஆளா?"

அவள் சாப்பாட்டுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பாதான் வேணாம்னாரு" என்றாள். "உங்கம்மாகிட்ட சொன்னா எல்லாரு எதிர்லயும் கத்திப் பேசும், அது அவமானமா இருக்கும்னாரு."

குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. எப்போதோ கேட்டதை அப்படியே சொன்னாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டில் இன்னும் எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினேன். இவ்வளவு வெட்கம் ஒரே நேரத்தில் ஒரு ஆளுக்கு வர முடியும் என்று எனக்குத் தெரியாது.

பிரஸ் ஷாப் இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வார்கள். இதை அவரே என்னிடம் கல்யாணமான புதிதில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான் பேசும்போதெல்லாம் அவர் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். எங்கள் நிலையத்தில் வேலை செய்கிற பெண்கள் தங்கள் வீட்டு ஆண்கள் போனைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவதாகப் புலம்புவார்கள். நான் மட்டும், எங்கள் வீட்டுக்காரர் அப்படி இல்லை, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார் என்று சொல்லிச் சொல்லி அவர்களை வயிறெரிய விட்டிருக்கிறேன். அதை நினைத்தபோது யாரும் இல்லாத அறையில் எனக்கு உடம்பு கூசியது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டால் கத்திக் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் சேர்ந்து கேட்கும். மெல்லச் சொல்வதென்றால் எதிரே போய் நின்று, என் முகத்தை அவருக்குக் காட்டிச் சொல்ல வேண்டும். அந்த முகம்தான் என்னிடம் இல்லை. சாயங்காலம் டீ கொடுக்கும்போது எதிரே நின்றேன்.

"நாளைக்குப் போயி அந்த முள்ளு வெச்சத வாங்கிக்கலாங்க" என்றேன், ஒவ்வொரு வார்த்தையாக.

அவர் என் உதட்டைப் பார்த்தார். "இன்னாத்துக்கு அப்படி மெல்ல பேசற? எப்பவும் போல பேசு" என்றார். டீயை வாங்கிக்கொண்டார். "இப்ப வேணாம். இருக்கறதே பெருசு."

திங்கட்கிழமை மெக்கானிக் வந்து முறிந்த ஸ்டட்டை மாற்றினார். பக்கத்தில் இருந்தவையும் இழுபட்டிருந்தன. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, தன்னுடைய ரெஞ்சால் முறுக்கிக் கொடுத்தார். காது டாக்டரிடம் போகலாமா என்று மகள் கேட்டதற்கு, குழந்தை பிறக்கட்டும், அதன் அழுகை கேட்கிறதா என்று முதலில் பார்க்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். மகள் சிரித்தாள். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். வண்டி ரிப்பேர் என்று நாங்கள் சொன்னதால் டாக்டரம்மா செக்கப்பை மறுநாளுக்குத் தள்ளி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷேவ் செய்து, சட்டை போட்டு, தலையணையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக் கிளம்பினார். மகள் முன்னால், நான் பின்னால். எப்போதும் டோல் தாண்டியதும் நான் ஆரம்பித்துவிடுவேன். நிலையத்தில் யார் என்ன சொன்னாள், நான் என்ன திருப்பிக் கொடுத்தேன், நாத்தனார் போனில் எப்படிப் பேசினாள், எல்லாம் ஆனேக்கல் வரைக்கும் போகும். அவர் முன்னால் பார்த்து ஓட்டியபடியே நடுநடுவே பதில் சொல்லிக்கொண்டு வருவார். என் கதையைப் பொறுமையாகக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

அன்றைக்கு நான் பேசவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, அவருடைய பின் தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். டோல் தாண்டியது. வெயில் ஏறியிருந்தது, கண்ணாடி மூடியிருந்தது, வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் போனது. பன்னேர்கட்டா ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் அவர் இரண்டு தரம் தலையை ஆட்டினார்.

"ஆமா ஆமா" என்றார். "வுடு, அவுங்க எப்பவும் அப்படித்தான்."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்கவே இல்லை.